ஒளிகாலும் இருவாயி

விஞ்ஞான ஆசிரியராயிருந்து இளைப்பாறிய நண்பரொருவர் சில மாதங்களுக்குமுன் தம் பேரனுடைய பாடநூலை என்முன் விரித்துவைத்து, "பண்டிதர், இதென்ன பூதம்? இரண்டு வாயாலும் ஒளியைக் கக்கும் அரக்கனா?" என்று கேட்டார். அவர் விரல் வைத்த இடத்தில் 'ஒளிகாலும் இருவாயி' என்று அச்சிட்டிருந்தது. எல்.ஈ.டி. என்று எல்லாரும் சொல்லும் சிறு விளக்கிற்கு இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் பெயர் அது. பூதம் எனப்பட்ட பொருளோ ஐந்து மில்லிமீற்றர் விட்டமுடையது. உள்ளங்கையில் ஐம்பது கொள்ளும்.

நண்பர் ஆங்கிலத்திற் கற்று ஆங்கிலத்திலும் தமிழிலும் கற்பித்தவர். அவர் நகைத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆயினும் தமிழ்ச் சொல்லொன்று நகைப்புக்கிடமாகும்போது அதன் குலங்கோத்திரத்தை ஆராய்தல் எம் போன்றோர் தொழில். அன்று வாய்மொழியாக இறுத்த விடையை இங்கே சற்று விரித்தெழுதுகின்றேன். விடையின் முற்பாதி அகராதியிற் கிடைத்தது. பிற்பாதியைக் கற்பித்தோர் வடமராட்சிக் கடற்கரையிலே பட்டமேற்றும் சிறுவர்.

முதலிலே சொல்லை நோக்குவோம். காலுதல் என்பது உமிழ்தல், கக்குதல், வெளிவிடுதல் என்னும் பொருளுடைய பழந்தமிழ் வினை. ஒளியைக் காலும் என்பதே இரண்டனுருபு தொக்கு ஒளிகாலும் என நின்றது. 'உமிழும்' என்று தமிழகத்தார் ஆள்வதும் பிழையன்று. எனினும் உமிழ்தல் என்றவுடன் எச்சில் நினைவுக்கு வருதலால், வழக்கொழிந்துகொண்டிருந்த காலுதலை எடுத்தாண்ட ஈழத்துக் கலைச்சொல்லாக்கியோரின் செவி நுண்ணிது என்றே கூறுவேன்.

இனி இருவாயி. மின்சாரம் ஒரு பொருளினுள்ளே புகுமிடத்தையும் வெளியேறுமிடத்தையும் மின்வாய் என்பது எம் நூல்வழக்கு. நான்கு கால் உடையது நாற்காலியானாற்போல, இரண்டு மின்வாய் உடையது இருவாயி ஆயிற்று. ஆங்கிலச் சொல்லாகிய டையோடு என்பதும் இவ்வாறு கட்டப்பட்டதே. கிரேக்கத்தில் டை என்பது இரண்டு, ஹொடோஸ் என்பது வழி. 1919 ஆம் ஆண்டிலே எக்கிள்ஸ் என்னும் ஆங்கிலேயர் அப்பெயரை அமைத்தார். தமிழில் வாய் என்னுஞ் சொல்லுக்கு வழி என்னும் பொருளும் உண்டென்பதை எண்ணுமிடத்து, கிரேக்க மூலத்திற்கு இதைவிட அணுக்கமான பெயர் கிடைத்தல் அரிது. வாயையும் காலையும் சேர்த்து வாய்க்கால் என்று தோட்டத்திலே நாடோறும் வழங்குவோர் இருவாயியைக் கண்டு வெருளுவது ஏனோ!

வாய்க்காலை எடுத்தது விளையாட்டுக்கன்று. தோட்டத்து வாய்க்காலில் நீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஓடும், எதிர்த்து ஏறாது. இருவாயியின் இயல்பும் அதுவே. இதற்கு இரண்டு கம்பிக் கால்கள் உண்டு. நெடுங்கால் பற்றரியின் நேர்முனைக்கும் குறுங்கால் எதிர்முனைக்கும் உரியன. மாற்றிப் பூட்டினால் ஒளி பிறவாது. கால்களை நறுக்கியபின் நெட்டை குட்டை எவ்வாறு தெரியும் என்று நான் கேட்டபோது, சிறுவனொருவன் குமிழின் விளிம்பை நகத்தால் தடவி, ஒரு பக்கம் சிறிது தட்டையாயிருப்பதைக் காட்டினான். அத்தட்டைப் பக்கம் எதிர்முனைக்குரியது. அந்நுண்மையை அவன் இருட்டிலும் அறிவான்.

சொற்பிறப்பை விட்டுப் பொருட்பிறப்புக்கு வருவோம். 1907 ஆம் ஆண்டிலே, மார்க்கோனியின் நிறுவனத்திற் பணியாற்றிய ரவுண்ட் என்பார், கார்போரண்டம் என்னும் கற்படிகமொன்றில் மின்சாரம் செலுத்தியபோது மஞ்சளொளி தோன்றுவதைக் கண்டு, ஒரு பத்திரிகைக்குச் சிறு கடிதம் எழுதினார். எழுதிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். அவ்வொளியைத் தொடர்ந்து சென்றவர் ரஷ்யராகிய ஒலெக் லொசெவ். 1903 இற் பிறந்தவர். வானொலி ஆய்வுகூடமொன்றிலே சிறு பணியாளராகத் தொடங்கியவர். அவ்வொளி வெப்பத்தால் எழுவதன்று, படிகமும் மின்சாரமும் கூடிய கூட்டத்தால் எழுவது என்பதை 1920 களிலே ஆய்ந்து எழுதினார். அவருடைய கட்டுரைகளை உலகம் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1942 இலே, லெனின்கிராட் நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, அந்நகரிலே பசியால் இறந்தார். வயது முப்பத்தெட்டு.

முற்றுகையிடப்பட்ட ஊர், இருட்டு, ஒருவன் கையிலே ஒரு சிறு ஒளி. இவ்வரலாற்றைப் படித்தபோது என் மனம் லெனின்கிராட்டில் நிற்கவில்லை. 1990 ஜூனிலே போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்திற்கு மின்சாரம் அற்றுப்போயிற்று. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பண்டமாயிற்று. குடாநாட்டுக்குள் கொண்டுவரத் தடுக்கப்பட்ட பொருள்களின் நிரலிலே பற்றரியும் இடம்பெற்றது. ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சையிட்டு, அது நனையுமளவு எண்ணெய் வார்த்து, கம்பியிற் கோத்த சிறு திரியை நிறுத்தி ஏற்றினால் அதுவே விளக்கு. போத்தலே காற்றைத் தடுக்குஞ் சிமினி. பண்டிதப் பரீட்சைக்குரிய இலக்கண நூல்களை நான் அவ்வொளியிலேதான் படித்தேன். செய்தி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுழற்ற, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தை வானொலிக்கு ஊட்டுவோம். முக்கியமான இடத்திலே சுழற்றுபவர் கை சோரும். செய்தி வாசிப்பவர் குரல் கிணற்றுக்குள் இறங்கும்.

எங்கள் அயலிலே வானொலி திருத்தும் ஒருவர் இருந்தார். பழுதான பெட்டிகளின் முகத்திலிருந்த சிவப்புக் கண்ணை அவர் எறிவதில்லை. கழற்றித் தகரப் பேணியிலே சேர்த்துவைப்பார். டைனமோ தருவது திசைமாறி ஓடும் மின்சாரம். ஆதலால் அக்கண்ணைத் தக்க தடையியோடு அதிற் பூட்டினால் அது ஒரு திசை ஓட்டத்தில் எரியும். மறு திசையில் அணையும். சக்கரம் விரைந்து சுழலும்போது கண் அதனை உணராது. மெல்லச் சுழற்றினால் சிமிட்டும். அவர் இரண்டு கண்களை எதிரெதிராகப் பூட்டிக் காட்டினார். ஒன்று எரிய மற்றது அணைந்தது. "ஒண்டு மூச்சை இழுக்க மற்றது விடுகுது, பாருங்கோ" என்றார். படிக்க உதவாத ஒளி. டைனமோ மின்சாரம் தருகின்றதா என்று பார்க்க மாத்திரமே பயன்பட்டது. இருவாயி என்னும் பெயரை அன்று நானும் அறியேன், அவரும் அறியார், பொருளை அறிந்திருந்தோம். 1995 ஒக்டோபர் இறுதியிலே ஊர் முழுதும் பெயர்ந்தபோது அவர் அப்பேணியை எடுத்துச் சென்றாரோ விட்டுச் சென்றாரோ, பின்னர் அவரை நான் காணவில்லை.

அந்நாளில் இரவு வானிலே தோன்றிய ஒளிகள் வேறு. பரா வெளிச்சம் எழுந்தால் பதுங்குகுழியைத் தேடுவோம். தன் வீட்டுக்கு மேலே விளக்கொன்றை விரும்பித் தொங்கவிட எவரும் துணியார். இன்று மார்கழி தை மாதங்களிலே, வாடைக்காற்றுத் தெளிந்து வீசும் இரவுகளிலே, வல்வெட்டித்துறைப் பக்கம் சென்று அண்ணாந்து பார்ப்பவர், விண்மீன்களுக்குக் கீழே சிவப்பும் பச்சையும் நீலமுமாக அசையும் புள்ளிகளைக் காண்பர். அவை பட்டங்கள். இவ்விரண்டு வானங்களையும் ஒப்பிட்டு நான் சிறுவருக்கு ஒன்றும் சொல்வதில்லை. அவர்களுக்கு வானம் ஒன்றுதான்.

வல்வெட்டித்துறையின் உதயசூரியன் கடற்கரையிலே தைப்பொங்கல் நாளில் நிகழும் பட்டப் போட்டியை நேயர் பலர் கண்டிருப்பர். அது பகற்காட்சி, அங்கே பறப்பனவற்றின் உருவங்களைக் கண்டு வியந்து எழுதியோர் பலர். 2021 டிசம்பரிலே பருத்தித்துறைப் பகுதியில் பெரும்பட்டமொன்றின் கயிற்றைப் பற்றியிருந்த இளைஞரைக் காற்று நிலத்தினின்றும் தூக்கிச் சென்றதும், அவர் உயிர்தப்பியதும் உலகச் செய்தியாயின. நான் சொல்ல வந்தது அத்துணைப் பெரியதன்று. வீட்டு முற்றத்திலே கட்டப்படும் கொக்குப் பட்டமும் எட்டுமூலைப் பட்டமும், விண் பூட்டி மாலையில் ஏற்றப்பட்டு, நூல் மரத்தோடு பிணிக்கப்பட்டு, விடியுமளவும் வானிலே கூவி நிற்பது எம்மூர்ப் பழைய வழக்கம். விண்ணின் கூவலைக் கேட்டு, இது இன்னாருடைய பட்டம் என்று பாயிற் படுத்தபடியே சொல்லும் முதியோர் உண்டு. காதினால் மாத்திரம் அறியப்பட்ட இராப்பட்டத்தைக் கண்ணுக்கும் உரியதாக்கியது இச்சிறு விளக்கு.

பழைய மின்குமிழ் இதனைச் செய்திருக்கமாட்டாதா என்று வினவலாம். மின்குமிழ் இழையைச் சூடாக்கி ஒளிதருவது. உண்ணும் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குவது. அதற்கு ஈடுகொடுக்கும் பற்றரியைக் கொக்கு சுமவாது. நிறமும் அதற்கு இயல்பன்று. கண்ணாடியிலே சாயம் பூசவேண்டும். இருவாயியின் நிறமோ பூச்சினால் வருவதன்று, பிறவியிலே அமைந்தது. இதனைக் கேணிப்படி கொண்டு விளக்கலாம். படிகத்தினுள்ளே இலத்திரன் உயர்ந்த படியிலிருந்து தாழ்ந்த படிக்கு விழும்போது அவ்வீழ்ச்சியின் வலியே ஒளியாய் வெளிப்படுகின்றது. படியின் உயரம் சிறிதாயின் ஒளி சிவப்பு, பெரிதாயின் நீலம். படியின் உயரத்தை வகுப்பது படிகம் எப்பொருளால் ஆயது என்பதே.

சிவப்பை 1962 இலே அமெரிக்காவிலே நிக் ஹொலோனியாக் ஆக்கினார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மைந்தர் அவர். மஞ்சளும் பச்சையும் பின்தொடர்ந்தன. நீலம் மாத்திரம் வரவில்லை. உயர்ந்த படியைத் தாங்கத்தக்க குற்றமற்ற படிகத்தை வளர்த்தல் எவர்க்கும் கைகூடவில்லை. பெருநிறுவனங்கள் சில கைவிட்டன. ஜப்பானிலே நாகோயாப் பல்கலைக்கழகத்து அகாசாகியும் அவர் மாணாக்கர் அமானோவும் கல்லியம் நைத்திரைட்டு என்னும் பொருளோடு ஆண்டுக்கணக்கிற் போராடினர். மற்றொருபால் நிச்சியா என்னும் நிறுவனத்திலே நகமுரா தனித்து முயன்றார். 1993 இலே பிரகாசமான நீலம் கடைக்கு வந்தது. சிவப்பிலிருந்து நீலத்துக்கு முப்பத்தொரு ஆண்டு! நீலம் வந்தபின் அதன்மேல் மஞ்சளொளி தரும் பூச்சொன்றை இட்டு வெள்ளையும் ஆக்கினர். இன்று வீடுதோறும் எரிவது அது. மூவர்க்கும் 2014 இலே நோபெல் பரிசு கிடைத்தது.

இந்த முப்பத்தொரு ஆண்டின் பொருளை எனக்குக் காட்டியவன் என் வகுப்பிலே கடைசி வாங்கில் இருக்கும் மாணவனொருவன். பதினோராந் தரம். தவணைப் பரீட்சையிலே விஞ்ஞானத்திற்கு 28 புள்ளி. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் மாமனாருடன் கடலுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருப்பவன். ஒருநாள் மாலை அவன் வீட்டுப் பக்கமாக நான் செல்ல நேர்ந்தது. திண்ணையிலே மூங்கிற் சிலாகைகளும், நூற்கட்டையும், பற்றாசு பிடிக்கும் கோலும், பழைய கைத்தொலைபேசியொன்றின் பற்றரியும் கிடந்தன. சிறகிலே வரிசையாகச் சிவப்பும் நீலமும் வைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியே ஒரு தடையியைக் கோத்திருந்தான். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தடையி போதாதோ என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. சிவப்பையும் நீலத்தையும் ஒரே தடையிக்குக் கீழ பக்கத்தில பக்கத்தில பூட்டினா நீலம் பத்தாது. சிவப்பு எல்லாத்தையும் குடிச்சுப்போடும்."

"ஏன் தம்பி அப்படி?"

"சிவப்புக்கு ரெண்டு வோல்ற்று காணும். நீலத்துக்கு மூண்டுக்கு மேல வேணும். சிவப்பு பத்தின உடன வோல்ற்று ரெண்டோட நிண்டிடும். பேந்து நீலத்துக்கு என்ன கிடைக்கும்?"

மூவர் நோபெல் பரிசு பெற்ற இடர்ப்பாட்டின் நிழல் இத்திண்ணையிலே விழுந்து கிடந்தது. படியின் உயரம் வேறு. ஆதலின் வேண்டும் வோல்ற்றளவும் வேறு. பரீட்சையிலே கேட்கப்பட்டது 'ஒளிகாலும் இருவாயி என்றாலென்ன?' என்பது. அவ்விடத்தை அவன் வெறுமையாக விட்டிருந்தான். "அதெண்டால் இதுதானெண்டு எனக்குத் தெரியாது ஐயா" என்றான். பெயரையும் பொருளையும் ஒருங்கே வைத்து எவரும் அவனுக்குக் காட்டியதில்லை.

அவன் செய்திருந்த கணக்கை நேயருக்குக் காட்டுதல் தகும். கைத்தொலைபேசிப் பற்றரி 3.7 வோல்ற்று. சிவப்பு எடுத்துக்கொள்வது 2. எஞ்சிய 1.7 ஐத் தடையி தாங்கவேண்டும். விளக்கினூடே ஓடத்தக்கது 20 மில்லியம்பியர். 1.7 ஐ 0.02 ஆல் வகுக்க 85 ஓம். நீலம் 3.2 எடுப்பதனால் எஞ்சுவது அரை வோல்ற்று. அதற்கு 25 ஓம் போதும். பத்து விளக்கும் 200 மில்லியம்பியர் உண்ணும். பற்றரி 1000 மில்லியம்பியர்மணி கொள்வது. ஆகவே ஐந்து மணித்தியாலம். "சாமத்துக்கு மேல ஆர் ஐயா பாக்கினம்?" என்று அவன் சொன்னதும் கணக்கின் ஓர் உறுப்பே.

ஒன்பது வோல்ற்றுப் பற்றரியை ஏன் கொள்ளவில்லை என்றேன். அதற்கு அவன் கூறிய விடையில் இரண்டு பகுதி இருந்தன. ஒன்று நிறை: ஒன்பது வோல்ற்றுப் பற்றரி ஏறக்குறைய 45 கிராம்; கொக்கின் கழுத்து அதனைத் தாங்கினாலும் காற்றுத் தளரும்போது தலைகுத்தும். மற்றொன்று, அதிலே மூன்று சிவப்பை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால் 6 வோல்ற்று. எஞ்சிய மூன்றுக்கு 150 ஓம் இட்டால் நன்றாக எரியும். மூன்று நீலத்தைத் தொடுத்தாலோ 9.6 வேண்டும், பற்றரியிடம் உள்ளது 9. அவை சரிவர எரியா. விளக்குகளை இரு சிறகிலும் சமனாகப் பகிர்தல், பற்றரியை முச்சைக்கு அருகே நடுச் சிலாகையிற் கட்டுதல், கட்டியபின் முச்சையின் மேற்கயிற்றைச் சிறிது குறுக்குதல் என்பனவும் அவன் அறிவான். பட்டத்தின் தலை அசையும் அளவைக் கண்டு எவ்வளவு குறுக்கவேண்டும் என்பதைக் கையால் உணர்வான். இதற்குப் பாடநூலில் இடமில்லை.

இங்கே ஒரு சொல்லின்பத்தைக் கூறாமற் செல்ல மனமில்லை. விளக்கு ஒளியைக் காலுகின்றது. விளக்கிற்கு இரண்டு கால். அதனைச் சுமந்த பட்டத்தை உயர்த்துவது காற்று. பழந்தமிழிலே காற்றுக்கும் கால் என்பது பெயர். திண்ணையிலிருந்த அவனுக்கு இதனைச் சொன்னேன். சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருந்து, "அப்ப 'ஒளிகாலும்' எண்டா வெளிச்சத்தைத் துப்புறதோ?" என்றான். ஆம் என்றேன். "அப்ப சரியான பேர்தான்" என்றான். அகராதி பார்த்து நான் அறிந்த முடிபுக்கு அவன் திண்ணையிலிருந்து வந்து சேர்ந்தான்.

நம் பாடசாலைகளைப் பற்றி ஒரு சொல். 2013 முதல் உயர்தர வகுப்பிலே தொழினுட்பத் துறை என ஒன்று அமைந்திருக்கின்றது. இத்தகைய மாணவனுக்காகவே அமைந்தது போன்ற துறை. ஆயின் அதிற் சேர்தற்குச் சாதாரண தரம் என்னும் வாயிலைக் கடக்கவேண்டும். அவ்வாயிலிலே வரைவிலக்கணம் கேட்கின்றார்கள். வரைவிலக்கணம் வேண்டாவென்று இலக்கண ஆசிரியனாகிய நான் சொல்லமாட்டேன். வகுப்பிலுள்ள நாற்பது மாணவரும் விளக்கின் படத்தைப் பார்த்து எழுதுகின்றனரே, நாற்பது விளக்கு வாங்கிக் கொடுப்பதற்குப் பெருநிதி வேண்டுவதில்லையே என்பதுதான் என் கேள்வி. படத்தைப் பார்த்துப் பெயரை மனனம் செய்தவன் புள்ளி பெறுகின்றான். பொருளைக் கையில் வைத்திருப்பவன் பெயரறியாது தோற்கின்றான். இருவருக்கும் இழப்பு. கடலுக்குப் போவது இழிந்த தொழிலன்று. தேர்ந்து போவது வேறு, வேறொரு வாயில் அடைபட்டுப் போவது வேறு.

இவ்விளையாட்டிலே கேடுகளும் உண்டு. நாணயம் போன்ற சிறு பற்றரிகளைப் பட்டத்திலும் சிறுவர் பொம்மைகளிலும் வைக்கின்றனர். குழந்தை அதனை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துள்ளேயே தொண்டைக்குழல் புண்ணாகக்கூடும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டோட வேண்டும். மின்கம்பியிற் சிக்கிய நூலை எடுக்க முயலலாகாது. பலாலியிலே விமானங்கள் வந்து போகின்றன. அவ்வெல்லையிலே உயரப் பட்டமேற்றி வைப்பது விளையாட்டன்று. நூல் அறுந்து கடலில் வீழ்ந்த பற்றரியைப் பற்றியும் ஒருவர் எழுதலாம். நான் எழுதினால் சிறுவர் படிக்கமாட்டார்.

மீண்டும் சொல்லுக்கு வருகின்றேன். திண்ணையிலும் கடற்கரையிலும் 'ஒளிகாலும் இருவாயி' என்று எவனும் கூவுவதில்லை; எல்.ஈ.டி. என்றே வழங்குகின்றனர். அதனை நான் கடிவதில்லை. திசைச்சொல்லுக்கு இடங்கொடுத்தே எம் இலக்கணம் எழுந்தது. 1847 இலே யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலிருந்து மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்த வைத்தியர் கிறீன், எத்தனையோ சொற்களைத் தமிழாக்கினார். எனினும் 1875 இல் வெளிவந்த இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயர் அமைந்தது. பிறமொழிச் சொல் தமிழ் உடுத்தி வந்தது. எவருக்கும் மூச்சு முட்டவில்லை. தமிழகத்தார் டையோடு என்பதும் நாம் இருவாயி என்பதும், அவர்கள் மின்னணுவியல் என்பதும் நாம் இலத்திரனியல் என்பதும் ஒரு வீட்டின் இரண்டு திண்ணைகள். இரண்டிலும் மாறிமாறி இருக்கலாம்.

விஞ்ஞானிகளே சொல்லுக்காகப் புலவரை நாடிய வரலாறும் உண்டு. புத்தகம் கட்டும் கடையிலே தொழில் பயின்று பேரறிஞரான மைக்கேல் பரடே, தாம் கண்ட புதுமைகளுக்குப் பெயர் வேண்டியபோது கேம்பிரிட்ஜிலிருந்த வில்லியம் ஹிவெலைக் கடிதமூலம் கலந்தார். அனோட்டு, கதோட்டு என்னும் பெயர்கள் 1834 இலே அவ்வாறு பிறந்தன. பரடேக்குக் கிரேக்கம் தெரியாமை குறையாகவில்லை; ஹிவெலுக்குத் தெரிந்திருந்தமை பயன்பட்டது.

அம்மாணவனும் ஒருநாள் என்னை நாடினான். தடையியின் உடலிலே நிற வளையங்கள் உண்டு. அவை எண்களைக் குறிப்பன. முதலிரண்டும் இலக்கங்கள், மூன்றாவது அவற்றின்பின் இடவேண்டிய சுழியங்களின் தொகை. செம்மஞ்சள், செம்மஞ்சள், கபிலம் என்றால் 330 ஓம். கபிலம், பச்சை, கபிலம் என்றால் 150. பத்து நிறமும் அவனுக்கு ஒழுங்காக நினைவில் நிற்கவில்லை. ஆங்கிலத்திலே அதற்கு வாய்பாட்டு வாக்கியங்கள் உண்டாம். அவன் வாய்க்கு அவை வரவில்லை. "நீங்கள் நன்னூல் சூத்திரம் எல்லாம் பாடமாக்குவிக்கிறியள், இதுக்கும் ஒண்டு கட்டித் தாருங்கோவன் ஐயா" என்றான். நியாயமான வேண்டுகோள். அன்றிரவே கட்டினேன்:

கறுப்பே சுழியம், கபிலம் ஒன்றே,
சிவப்பிரண் டாகும், செம்மஞ்சள் மூன்றே,
மஞ்சள் நான்கு, பச்சை ஐந்தே,
நீலம் ஆறே, ஊதா ஏழே,
சாம்பர் எட்டு, வெள்ளை ஒன்பான்
தடையி வளைநிறம் சாற்றுங் காலே.

இரண்டு நாளிலே பாடமாக்கிவிட்டான், தம்பிமாருக்கும் சொல்லிக்கொடுத்தான். மூன்றாம் நாள் ஒரு தடையியோடு வந்து, நான்காவது வளையம் ஒன்று இருக்கின்றதே, அது பொன்னிறமாயின் ஐந்து வீதம், வெள்ளிநிறமாயின் பத்து வீதம் கூடிக்குறையலாம் என்று அர்த்தமாம், அதற்கு அடி எங்கே என்று கேட்டான். இன்னும் அமையவில்லை. வெள்ளையும் வெள்ளியும் ஓரிடத்தில் வந்து ஒன்றையொன்று இடிக்கின்றன.